ஓடிபி குவைத்துக்குப் போகிறது

சேரம்பாடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும்
கேரளம் உங்களை வரவேற்கிறது என்று
செல்போனுக்கு ஒரு செய்தி.
இன்னும் தமிழ்நாட்டில்தான் நிற்கிறேன்
என்று அதற்கு யார் சொல்வது.

பையில் டேப்லெட், இரண்டு பவர் பேங்க்,
பதினெட்டுக் கேள்விகள்,
அட்டைக்கு உப்பு.

யோகராணி கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வந்தார்.
இடுப்பில் கட்டிய சாக்கில் கையைத் துடைத்துத்
திரையைத் தொட்டார்.
கறை ஏறி ரேகை தேய்ந்த விரல்.
திரைக்கு அவரைத் தெரியவில்லை.
மூன்றாம் தரம் அழுத்தியபோது திறந்தது.

முதல் பக்கத்தில் ஒரு பொம்மை உடம்பு.
எங்கே வலிக்கிறது, தொட்டுக் காட்டுங்கள்.
ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி?

"வலியா, கடுப்பா?" என்றார்.
"தோள்பட்டை காலையில இழுக்கும்.
மிஸ்ட் விலகினதும் குடையும்.
ராத்திரி விண்ணு விண்ணுன்னு தெறிக்கும்.
இதுல எதுக்கு நம்பர் போட?"

இழுப்பு, குடைச்சல், கடுப்பு, தெறிப்பு
என்று எழுதிக்கொண்டேன்.
கோவையில் ஹஃபீஸ் கேட்பான்:
நாலுக்கும் நாலு ஐகானா?

பிறகு ஓடிபி.
கணக்கு புவனேந்திரன் பெயரில்.
பணம் கட்டுவது அவர்,
ஆகவே எண்ணும் அவருடையது.
வெள்ளைப்பலகையில் நான் போட்ட அம்பு அது.
எவ்வளவு நேராக இருந்தது அன்றைக்கு.

ஆறு இலக்கங்கள்
இந்த மலையிலிருந்து கிளம்பி
ஃபஹாஹீலில் ஒரு லாக்கருக்குள் போய் அதிர்ந்தன.
அவர் ஏழாவது மாடிச் சாரத்தில் இருந்தார்.
இரண்டு நிமிடத்தில் காலாவதி.
மீண்டும் அனுப்பவா என்றது செயலி.
மீண்டும் லாக்கர்.
மீண்டும்.

இருபத்துநான்கு மணி நேரம் கழித்து முயலவும்.
அந்த வாக்கியமும் என்னுடையதுதான்.
முன்னால் ஒரு 'தயவுசெய்து' வேண்டுமா என்று
அரை மணி நேரம் விவாதித்திருந்தோம்.

"அவரு நம்பர் வேணாமே," என்றார்
கதவைப் பாதி சாத்திவிட்டு.
மார்பில் ஒரு கட்டி.
புளியங்கொட்டை அளவு.
பொம்மையில் நாங்கள் வழவழப்பாக விட்டிருந்த இடம்.
"தெரிஞ்சா டிக்கெட் போட்டு வந்துருவாரு.
ஏஜெண்டுக்கு இன்னும் எழுபதாயிரம் நிக்குது."

டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தேன்.
இதையெல்லாம் செல்லில் பார்க்க முடியாதுக்கா,
நாளைக்கே பந்தலூர் ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றேன்,
செல்லில் பார்க்கலாம் என்று சொல்ல
நானூறு ரூபாய்க்கு டாக்ஸி பிடித்து
கூடலூர் வரை வந்தவள்.

"அரைப்பேர்தான் விழும்," என்றார்.
போவேன் என்றும் சொல்லவில்லை,
மாட்டேன் என்றும்.

பதினெட்டாம் கேள்விக்குப் பிறகு
அவர் ஒன்று கேட்டார்.
"இதுல அவருக்கு டாக்டர் பார்க்க முடியுமா?
வெயில்ல தண்ணி குடிக்காம
ஒண்ணுக்கு ரத்தமா போகுதாம்.
கூட தங்கியிருக்கிற பையன்
என் தம்பிகிட்ட சொல்லியிருக்கான்.
எங்கிட்ட அவரு சொல்லல.
நானும் கேக்கல."

'குடும்பத்தினரைச் சேர்' என்ற பொத்தானை அழுத்தினேன்.
தாய். தந்தை. மனைவி. மகன். மகள்.
கீழே தள்ளிப் பார்த்தேன்,
ஏதோ மறந்துபோய் அடியில் இருக்கும் என்பதுபோல.
கட்டுகிறவருக்கும் காய்ச்சல் வரும் என்று
ஆறு மாதத்தில் ஒருவரும் சொல்லவில்லை.
நானும்தான்.

வளைவில் யானை நிற்கிறது, ஜீப் வர நேரமாகும் என்றார்கள்.
இருட்டும் வேளையில் அவருடைய செல் அடித்தது.

"மூணு தடவ நம்பர் வந்திருக்கு.
டாக்டருன்னு போட்டிருக்கு.
யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க.
கோயமுத்தூருலேருந்து ஒரு பொண்ணு வந்திருக்கு,
சும்மா அமுக்கிப் பார்த்தோம்.
நீங்க நல்லா இருக்கீங்களா?"

"எனக்கென்ன. நல்லா இருக்கேன்."

படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம்
நிரப்பாமல் இருந்தது.
அழைப்பின் தெளிவு.
நன்று என்று போட்டேன்.