அடிக்குறிப்பு

மூன்றாம் ஆண்டு ஆய்வேட்டுக்கு
அறுபது பேர் வேண்டும் எனக்கு.
முதலாண்டுப் பிள்ளைகள் வருவார்கள்.
ஆர்வத்தால் அல்ல.
ஆறு மணி நேரம் யாருக்காவது சோதனை எலியாக இருந்தால்தான்
உளவியல் தாளில் தேர்ச்சி.
நானும் இருந்தவள்தான்.
நனைந்த கோட்டோடு உட்கார்ந்து
பச்சை மையில் எழுதிய ‘சிவப்பு’க்குத்
தடுமாறியிருக்கிறேன்.

டண்டீயில் அது பிப்ரவரி.
டே ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி
ரயில் பாலத்தில் பாதியைத் தின்றிருந்தது.
கீழ்த்தளத்தில் ஜன்னலில்லாத அறை,
ஒரு கணினி, கால் ஆடும் நாற்காலி,
அறநெறிக் குழு கேட்டதற்காக
ஒரு பெட்டி டிஷ்யூ.

விளையாட்டு எளிது.
திரையில் மூன்று பொம்மைகள், ஒரு பந்து.
மற்ற இருவரும் பக்கத்து அறைகளில் இருக்கிறார்கள் என்பேன்.
பக்கத்து அறையில் இருந்தவை
ஒரு துடைப்பமும் பழுதான அச்சுப்பொறியும்.
பாதிப் பேருக்குப் பந்து கடைசிவரை வரும்.
மீதிப் பேருக்கு இரண்டு முறை.
பிறகு வராது.
அவர்கள் தமக்குள் எறிந்துகொள்வார்கள்,
நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.
முடிவில் ஒன்றிலிருந்து ஏழுக்குள்
எவ்வளவு வலித்தது என்று வட்டமிட வேண்டும்.

ரக்பி ஆடும் ஒரு மலைமேனியன்
கணினி கெட்டுவிட்டது என்று கதவைத் தட்டினான்.
சிரித்துக்கொண்டே வட்டமிட்டான், ஆறு.

பதினேழாம் எண்ணின் பெயரைச் சொல்லக் கூடாது.
ஆர்ப்ரோத் பேருந்தில் வருகிறவன்,
விடியற்காலையில் மீன் புகைபோடும் கூடத்தில் வேலை,
சட்டையில் அந்த வாசனை.
இதையும் சொல்லியிருக்கக் கூடாது.

இரண்டாம் முறை பந்து வந்ததும்
அவன் எறியவில்லை.

நேர வரம்பு வைக்க மறந்திருந்தேன்.
என் திரையில் பார்த்தேன்:
இரண்டு பொம்மைகளும் கை நீட்டியபடி,
அவன் பந்தோடு.
மூன்று நிமிடம். ஏழு.
பதினோராவது நிமிடத்தில் நான்தான் எழுந்து போனேன்.

ஏன் என்ற கேள்வி நெறிமுறையில் இல்லை.
கேட்டேன்.
‘கொடுத்தா திரும்பி வராதுன்னு தோணிச்சு.
கையில இருக்கிறவரைக்கும்
அவங்களும் இங்கதானே இருக்கணும்.’
கொஞ்சம் யோசித்துவிட்டு,
‘பாவம், போரடிச்சிருக்கும் அவங்களுக்கு.’

விளக்கத் தாளை வாசித்துக் காட்டினேன்.
அந்த இருவரும் மனிதர்கள் அல்லர்,
உங்களிடம் உண்மையை மறைத்ததற்கு வருந்துகிறோம்.
அவன் கேட்டுக்கொண்டான்.
ஒன்றை வட்டமிட்டுக் கையெழுத்துப் போட்டு
பேருந்துக்கு ஓடினான்.

டாக்டர் மக்ரோரி கெட்டவர் இல்லை.
ஓட்ஸ் பிஸ்கட்டில் பாதியை என்னிடம் நீட்டியபடிதான் சொன்னார்:
‘ஆடவே இல்லையே மோர்வென், எடுத்துவிடு.’

அவனோடு சேர்த்தால் 0.06.
அவன் இல்லாமல் 0.04.
ஐந்துக்குக் கீழே இருந்தால்தான்
அதற்குப் பெயர் கண்டுபிடிப்பு.
இரண்டு நாள் அந்த வரிசையை
மறைப்பதும் திறப்பதுமாக இருந்தேன்.
மூன்றாம் நாள்
பதினான்காம் பக்கத்தின் அடியில்
எழுத்தளவு எட்டில் தட்டச்சு செய்தேன்:
‘அறிவுறுத்தலைப் பின்பற்றாததால்
பங்கேற்பாளர் ஒருவர் விலக்கப்பட்டார்.’
ஆய்வேட்டின் தலைப்பிலும் அதே சொல் இருந்தது,
விலக்கப்படுதல்.
யாரும் கவனிக்கவில்லை.
நல்ல மதிப்பெண்தான் வந்தது.

சமர்ப்பிப்பதற்கு முந்திய இரவு
கீழ்த்தளச் சாவி இன்னும் என்னிடம் இருந்தது.
அந்த ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.
முதல் பந்து வந்தது, எறிந்தேன்.
இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.
கை நீட்டி நின்றார்கள் இருவரும்,
அந்தக் கைகளை வரைந்தவள் நான்,
அடுத்து என்ன செய்வார்கள் என்று
வரி வரியாக எழுதியவளும் நான்.
நாற்பது நொடிகூடத் தாங்கவில்லை.
ஏதோ மரியாதைக் குறைவுபோல் இருந்தது,
எறிந்துவிட்டேன்.

தமக்குள் ஆடத் தொடங்கினார்கள்.

கடைசித் திரையில் ஒன்று முதல் ஏழு வரை எண்கள்.
அறையில் யாரும் இல்லை.
நான்கை வட்டமிட்டேன்.
பிறகு அழித்து,
ஐந்து.