இடது முழங்கால்

செவ்வாய் இரவுகளில்
டண்டீ நகரத்துத் தேவாலயம் ஒன்றின் நிலவறையில்
நாங்கள் ஏழு பேர்.
பகலில் நான் லிஃப்ட் பழுது பார்ப்பவள்.
பஸ் ஓட்டும் ஷோனா, பல் டாக்டர் ஒருவர்,
தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வரும்
போலீஸ்காரர் மன்ரோ.
விலை ஒட்டாத நாற்காலிகள் செய்கிறோம்.
கடையில் கிடைப்பது எல்லோருக்கும் பொருந்தும்,
எங்களிடம் வரும் பிள்ளைகளைத் தவிர.

படிவம் எல்லாவற்றையும் கேட்கும்:
இடுப்பின் அகலம், முதுகின் வளைவு,
தொடையின் நீளம், வலமும் இடமும் தனித்தனியாக.
'தேவை' என்ற கட்டத்தில்
ஐல்சாவின் அம்மா எழுதியிருந்தார்:
சாப்பிடும்போது சரிந்து விழாமல் இருக்க.
நீல மை. இரண்டு அடிக்கோடு.

ஒன்பது வயது. பேச்சு கண்ணில்.
எழுத்துகள் ஒட்டிய பிளாஸ்டிக் தகட்டை
இருவருக்கும் நடுவில் பிடித்து
பார்வை நிற்கும் எழுத்தை நான் உரக்கச் சொல்ல வேண்டும்.
தவறென்றால் கூரையைப் பார்ப்பாள்.
அன்று கூரையை நிறையவே பார்த்தாள்.
என்ன நிறம் வேண்டும் என்றுதான் கேட்டேன்.
ஆறு நிமிடத்தில் நான்கே எழுத்து.
பூட்டு.

அம்மா சிரித்தார்.
பிறகு சிரிப்பைப் பாதியில் இறக்கி வைத்தார்.
"என்கிட்ட மறைக்க உனக்கு என்னடா இருக்கு?"
குளிப்பாட்டுவது அவர், உடுத்திவிடுவது அவர்.
பள்ளிப் பையைத் திறப்பது உதவியாளர்.
பிறந்தநாள் அட்டை வந்தால் பிரிப்பது அண்ணன்,
வீடு முழுக்கக் கேட்க வாசிப்பதும் அவனே.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் இருக்கும் உலகில்
ஒரு பட்டாணியை மறைக்க இவளுக்கு இடமில்லை.
இம்முறை கூரையைப் பார்க்கவில்லை.
என்னையே பார்த்தாள்.

அவள் உடம்பில் சொன்ன பேச்சைக் கேட்பது
இடது முழங்கால் ஒன்றுதான்,
அதுவும் அதற்கு மனசிருந்தால்.
மேசைத்தட்டின் ஓரத்தில் ஒரு பிளவு வெட்டினேன்.
முழங்கையால் தள்ளினால் பொருள் சறுக்கி
இருக்கைக்கு அடியில் விழும்.
ஷோனாவின் பிஸ்கட் டப்பாதான் பெட்டகம்.
முழங்கால் வெளிப்பக்கம் இடித்தால் தாழ் விலகி
பெட்டி பக்கவாட்டில் எழும்பும், கண் மட்டத்துக்கு.
கழற்றிப் போட்ட லிஃப்ட் கதவின் காந்தம்
இப்படி ஒரு வேலைக்கு வருமென்று
நினைத்திருக்கவில்லை.

முதல் சோதனை.
மன்ரோ தும்மினார், சுவர் அதிர.
ஐல்சா சிரித்தாள்.
சிரித்தால் அவள் கால் உதைக்கும்;
எங்கள் யாருக்கும் தெரியாது அது.
பெட்டி பளிச்சென்று எழுந்து நின்றது,
எல்லோர் முன்னாலும், காலியாக.

மூன்று செவ்வாய்கள் போயின.
ஒரு இடி, ஒரு மூச்சு அளவு காத்திருப்பு, மறு இடி.
சிரிப்பு அவ்வளவு நேரம் காத்திருக்காது.
கணக்கு வைக்கும் பல் டாக்டர் கேட்டார்,
இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?
'இருக்கை உதிரி' என்றேன்.
பொய்தான். எழுதிக்கொண்டார்.

பதினான்கு மாதம் கழித்து நாற்காலி திரும்பி வந்தது.
பிள்ளை வளர்ந்துவிட்டாள்.
கைப்பிடியில் ரப்பர் பேண்டு சுற்றிய ஒரு சீட்டு,
அதே நீல மை:
இரண்டு அங்குலம் நீட்ட வேண்டும்.
பெட்டி எப்படித் திறக்கும் என்று
எனக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

திருகாணிகள் எல்லாம் அடியில்தான்.
கவிழ்க்காமல் முடியாது.
குழந்தையைத் திருப்பிப் படுக்க வைப்பதுபோல்
மெல்ல, மிக மெல்லக் கவிழ்த்தேன்.
உள்ளே ஏதோ உருண்டது, லேசாக.
அதன் பின்னால் ஏதோ கனமாக நகர்ந்து
தகரத்தில் முட்டி நின்றது.
வெளியே மழை வேறு ஓய்ந்திருந்தது அந்நேரம் பார்த்து.

பழைய வண்டியில் பக்கத்திலேயே இருந்தாள்.
தகட்டை எடுத்துப் பிடித்தேன்.
கேட்டதா?

"இருபது வருஷம் லிஃப்ட் மோட்டார் பக்கத்தில் நின்ற காது,
இடி விழுந்தாலும் கேட்காது" என்றேன்.

அவள் கூரையைப் பார்த்தாள்.