நகல் நீக்கம்

சனிக்கிழமை பத்து மணிக்கு
பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடியில்
பதினேழு பேர், பதினொரு கணினி.
எனக்கும் சமூகவியல் சடையப்பனுக்கும் ஒரே திரை.
அடைப்புக்குறிச் சாவி சண்டித்தனம் செய்யும்,
ஒருமுறை குத்தினால் மூன்று விழும்.

"பைத்தான்னா பாம்பு இல்லைங்க, பயப்படாதீங்க"
என்றார் நூலகர் மெஹருன்னிசா.
எல்லா அணிக்கும் இதையே சொல்வார் போல.
சிரிப்புக்கு இடம் விட்டுக் காத்திருந்தார்.

முதல் பாடம்:
ஒரு சொல்லைக் கொடு, அதன் நீளம் கேள்.
'கொங்கு' கொடுத்தேன்.
ஆறு என்றது.
ஒன்றாம் வகுப்பில் மூன்று என்று சொல்லித்தான்
நட்சத்திரம் வாங்கினேன்.
கொ, ங், கு:
திரைக்கு விரல்விட்டு எண்ணிக் காட்டினேன்.
அதற்கு உடம்பு தனி, உயிர்க்குறி தனி,
புள்ளிக்கும் ஒரு தலை எண்ணுகிறது.

திருப்பிப் போடேன் என்றான் சடையப்பன்.
வாய்க்குள் நுழையாத ஒரு ஙொ நடுவில் முளைக்க,
உகரக்குறி முன்னால் வந்து
ஏற ஓர் எழுத்தில்லாமல்
புள்ளிவட்டத்தைப் பிடித்துத் தொங்கியது,
மருதமலை பஸ்ஸின் படியில் ஒற்றைக்காலில் நிற்பவன் மாதிரி.
அன்றைக்கு அதற்குமேல் எதுவும் கற்கவில்லை.

என்னிடம் ஒரு கூலிப் பதிவேடு இருந்தது.
சிங்காநல்லூர்ப் பக்கம் மூடிப்போன ஒரு நூற்பாலை,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு,
ரீலிங் பிரிவு, ஒரு வாரக் கூலி, பெண்கள் மட்டும்.
எலி தின்றது போக மிச்சத்தைப் படமெடுத்து
எழுத்துணரியில் போட்டேன்.
துணைக்காலையெல்லாம் அது ரகரமாக வாசித்தது.
வேலாத்தாள் வேலரத்தரள் ஆனாள்.
எட்டு மாதம் கால்களைத் திருப்பிக் கொடுத்து
நானூற்றுப் பன்னிரண்டு வரிகளோடு
நாலாவது சனிக்கிழமை வந்தேன்.

அன்றைய பாடம், நகல்களை நீக்குவது.
ஒரே ஒரு கட்டளை
(மூன்று அடைப்புக்குறி விழுந்தது, இரண்டை அழித்தேன்).
கண்மூடித் திறப்பதற்குள்
முந்நூற்று எண்பத்தொன்பது.
"டேட்டா சுத்தமாயிருச்சுங்க" என்று
பயிற்றுநர் யுகேந்திரன் அடுத்த மேசைக்குப் போனார்.
எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.
டீக்கு இறங்கி, போண்டாவைப் பிட்டுக்கொண்டே
கழித்துப் பார்த்தேன்.
இருபத்து மூன்று.

மேலே வந்து படங்களைத் திறந்தேன்.
பொன்னாத்தாள், ஒண்டிப்புதூர், காலை ஷிப்ட், ஆறணா.
நாலு பக்கம் தள்ளி
பொன்னாத்தாள், ஒண்டிப்புதூர், காலை ஷிப்ட், ஆறணா.
கடைசியில் கட்டைவிரல் ரேகை.
ஒன்று பெரியது, மை அப்பியது.
இன்னொன்றின் குறுக்கே ஒரு தழும்பு,
நூல் அறுத்ததோ என்னவோ, வெள்ளையாக ஓடுகிறது.

கணினியைத் திட்ட வாயெடுத்தேன்.
ஊருக்கு ஒரு பத்தி போட்டவள் நான்.
ஷிப்டுக்கு, அணாவுக்கு, அபராதத்துக்கும்கூடப் போட்டேன்.
ரேகைக்குப் போடவில்லை.
படிக்க முடியாததை
பதிவேட்டின் அழுக்கு என்று நினைத்துவிட்டேன்.

நீக்கியதை மீட்க ஒரு சாவி போதும்.
ஒவ்வொரு விரலாகப் பெரிதாக்கிப் பார்த்தோம்.
பத்தொன்பது இடத்தில் வேறு வேறு பெண்கள்.
நாலு இடத்தில் பேரும் ஒன்று, ரேகையும் ஒன்று.
எழுத்தர் தூக்கத்தில் இருமுறை எழுதினாரா,
இன்னோர் ஆறணா எந்தச் சட்டைப்பைக்குப் போனது,
அல்லது அந்தம்மாவே கெட்டிக்காரியா,
சடையப்பன் ஒன்று சொன்னான், நான் ஒன்று சொன்னேன்.
அந்த நாலையும் அப்படியே விட்டு
'தெரியவில்லை' என்று தட்டினேன்.
அதன் நீளம் பதினொன்று என்றது.
நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மூடும் மணி அடித்தார்கள்.
அடுத்த சனி வரைபடம் போடச் சொல்லித் தருவார்களாம்,
ஊர்கள் வட்டம் வட்டமாக வீங்குமாம்.
வரலாம்.
அதற்குள் முடிக்க
இன்னும் முந்நூற்று அறுபத்தாறு கட்டைவிரல் இருக்கிறது.