இருபத்தேழு

கார்த்திகை மழை மூன்றாம் நாளும் விடவில்லை.
சீனன்குடா மாவாலையில் இரவு வேலை முடித்து
புருவமெல்லாம் மாவோடு
சைக்கிளை உருட்டி வருகிறேன்.
எங்கள் படலையடியில் மூத்தவன், யதுசன்.
அவனுக்கு முன்னால் ஒரு புள்ளிமான்.

இந்த ஊர் மான்களை உங்களுக்குத் தெரியும்.
பஸ் ஸ்டாண்டில் படுக்கும், சந்தையில் வாழைத்தோல் தின்னும்,
கடதாசி கண்டால் விடாது.
அவன் ஒரு தாளை நாலாய் மடித்து
மெல்ல மெல்ல ஊட்டிக்கொண்டிருந்தான்.
அவசரமே இல்லை இரண்டு பேருக்கும்.

நான் மதகடியில் நின்றுவிட்டேன்.
அவன் உள்ளே போன பிறகு
சேற்றில் ஒரு மூலை கிடந்தது.
ஐந்தாம் கேள்வி. முன்னோடிப் பரீட்சை, கணிதம்.
ஒரு சிவப்புக் கோடு:
சரியின் நீண்ட கையோ
பிழையின் ஒற்றைக் காலோ, விளங்கவில்லை.
சட்டைப் பையில் வைத்தேன்.

சாதாரண தரச் சோதனைக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

வதனி ஆவணியிலிருந்தே டிவியின் சத்தத்தை மூடிவிட்டாள்.
நாடகத்தில் மாமியார் வாயசைக்கிறாள்,
இவள் உதட்டைப் பார்த்தே கண் கலங்குகிறாள்.
காலையில் வல்லாரைச் சம்பல், மத்தியானம் வல்லாரைச் சம்பல்.
"ஞாபகசக்தி எனக்குத்தான் கூடுது,
நீங்க கலியாணத்துக்கு முந்திச் சொன்ன பொய்யெல்லாம் வருது"
என்கிறாள் சின்னவளின் தலையை இழுத்துப் பின்னியபடி.
ரியூசன் காசு, போட்டோக் கொப்பிக் காசு,
மழைக்கோட்டுக்கு வைத்த காசு அதற்குள் போன காசு.
இதெல்லாம் செய்யத் தெரிந்த எங்களுக்கு
அவன் கொப்பியில் இருக்கிற
அந்த ஒரு எக்ஸ் எங்கே போய் முடியும் என்று தெரியாது.

யாருக்கும் சொல்லவில்லை.
மனேஜரிடம் போய் பகல் வேலை கேட்டேன்.
இரவுப் படி போகும் என்றார்.
போகட்டும்.

அன்றிரவு அவனுக்கு எதிரே கதிரை போட்டு இருந்தேன்.
"ஏன்பா, படுங்களன்."
"நித்திரை வராது, பழக்கம்."
பொய் இல்லை.
பதினொரு வருசம் இரவில் விழித்திருந்தவன் நான்.
அந்தப் பாடத்துக்குச் சோதனை வைத்தால்
எனக்கு ஏ.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
டோர்ச்சை நான் பிடித்தேன், அவன் எழுதினான்.
கை உளைந்தபோது மற்றக் கைக்கு மாற்றினேன்.
அவ்வளவுதான் என் கணிதம்.

மூன்றாம் இரவு, தாளிலிருந்து தலை எடுக்காமல்,
"அப்பா, இருபத்தேழு."
"ம்."
"நூறுக்கு."
"ம்."
"தெரியுமா?"

பையிலிருந்து மூலையை எடுத்து வைத்தேன்.
துவைத்துக் காய்ந்து சிவப்பு மங்கிப்போயிருந்தது.
அதையே பார்த்தான்.
பேசுவான் என்று பார்த்தால்
தோள் குலுங்குது. அழுகிறானா? சிரிக்கிறான்.
"இது சரி போட்டது. இது ஒண்டுதான் வடிவாச் செய்தனான்.
அந்த மான்..."

குசினிக்குள்ளிருந்து குரல்:
"ரீச்சர் எனக்கு அண்டைக்கே போன் எடுத்தவ.
அப்பாட்டச் சொல்லாதேங்கோ எண்டு கேட்டனான்.
தேத்தண்ணி இருக்கு, சீனி நீங்களே போடுங்கோ."

ஆக, ஒரு கிழமையாய்
ஒரே கூரைக்குள்ளே
மூன்று பேர் ஒரே எண்ணை
ஒருவருக்கொருவர் ஒளித்து வைத்திருக்கிறோம்.

பிறகு அவன் ஆறாம் கேள்விக்குப் போனான்.
இரண்டு தரம் வெட்டினான், மூன்றாம் தரமும் வெட்டினான்.
நான் டோர்ச்சை ஆட்டாமல் பிடித்தேன்.

விடியப் படலையில் அது வந்து நின்றது.
வாழைப்பழத் தோலை நீட்டினான்.
மணந்து பார்த்தது, தின்னவில்லை.
அவன் கக்கத்தில் இருந்த வினாத்தாள் கட்டையே
பார்த்துக்கொண்டு நின்றது.
"போ" என்றான், "இது வேணும்."