சேதாரம்

வேட்டைக்கு லைசன்ஸ் கொடுத்துக்கொண்டிருந்த காலம்.
செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தேன்.
வெள்ளியைத் தவிர என் தராசு எதையும் தொட்டதில்லை,
நாகலூர் காப்பித் தோட்டத்துக் கிளாடியஸ் பின்டோ
ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் குண்டுகளோடு
படியேறி வந்த சனிக்கிழமை வரை.

நூறு குண்டு. செம்புச் சட்டை போட்ட ஈயம்.
"எல்லாம் ஒரே எடை என்று டப்பாவில் அச்சடித்திருக்கிறான்,
நம்புவீரா?" என்றார்.
அச்சடித்த எடையை நம்புகிறவனுக்கு
எங்கள் தெருவில் கடை கிடையாது.

அவர் கணக்கு கிரெயினில், என்னுடையது குன்றிமணியில்.
கிரெயினுக்கு இரண்டு நெல். நாலு நெல் ஒரு குன்றிமணி.
ஆக, குண்டு ஒன்றுக்கு ஐம்பது.
மின்விசிறியை நிறுத்தினேன். மூச்சை நிறுத்தினேன்.
"விசையை இழுக்கும்போது நானும் இப்படித்தான்" என்றார்
மூச்சே விடாமல்.
ஒரு நெல் கூடியது ஒரு கிண்ணத்தில்,
குறைந்தது இன்னொன்றில்.
சரியாய் நின்ற அறுபத்திரண்டையும்
பஞ்சில் பொதிந்துகொண்டார்.
மீதி?
"அட்டையில் சுட்டுப் பழக. அட்டை மன்னித்துவிடும்."

ஏன் இத்தனை இலேசாக என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.
பதினாலாம் கொண்டை ஊசி வளைவில் ஜீப் கவிழ்ந்து
தோளெலும்பு கோணலாய்க் கூடியிருக்கிறது.
கனத்த குண்டு உதைத்தால்
இரண்டு நாளைக்குப் பித்தான் போடக் கை எழாது.
அதோடு, கேளையாட்டுக்கு எதற்கு அத்தனை கனம்?
"இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்
சில்வர் ஓக் மரத்தில் நிற்கும்.
தனக்கு என்ன ஆனதென்று தெரியாமல்
ஆடு ஒரு மைல் ஓடும்.
இலேசானது விரைவாய்ப் போகும். உள்ளே போய் உடையும்.
அங்கேயே முடிந்துவிடும்."
எடை குறையக் குறைய இரக்கம் கூடும் என்பதுபோல் பேசினார்.
எனக்கு அரைஞாண் ஒன்று பற்றவைக்க இருந்தது.

மருந்தையும் நிறுத்துத் தரச் சொன்னார்.
பின்னால் உலை எரிகிறது சாமி, என்றேன்.
சின்னத் தராசை இரவல் வாங்கிப் போனார்.
திரும்பி வந்த தட்டில் ஒரு வாடை,
பற்றவைக்காத தீபாவளி போல.

மார்கழியில் ஓர் இரவு
தோட்டத்து மேஸ்திரி பொன்னுரங்கன் கதவைத் தட்டினான்.
வாழையிலைப் பொட்டலத்தில் இரண்டு சேர் கறி.
கூடவே ஒரு தீப்பெட்டி. அதற்குள்
ஆட்டிலிருந்து எடுத்த குண்டு,
சட்டை கிழிந்து, காளானாய் விரிந்து.
"எடை போட்டு எழுதி அனுப்பச் சொன்னாருங்க."

முப்பத்தொன்று.
ஐம்பதில் பத்தொன்பதைக் காணோம்.

எங்கள் தொழிலில் இதற்குச் சேதாரம் என்று பெயர்.
அரத்தில் உதிர்ந்தது, மூசையில் ஒட்டியது,
காலில் அப்பிக்கொண்டு வீதிக்குப் போனது.
பட்டறைக் குப்பையை விலைக்கு வாங்கிக் கழுவுகிறவர்கள் உண்டு.
எங்கள் வாசல் சாக்கடை மண்ணுக்குக்கூட ஏலம் நடக்கும்.
காணாமல் போன வெள்ளி என்று ஒன்று கிடையாது,
இன்னொருத்தர் கைக்குப் போன வெள்ளிதான்.

ரேணுகா மிளகு தூக்கலாய் வறுத்திருந்தாள்.
இரண்டாவது கவளத்தில் கடைவாயில் நறுக்கென்றது.
எலும்பில்லை.
உள்ளங்கையில் துப்பினேன். சாம்பல் நிறத்தில் ஒரு துணுக்கு.
எச்சில் கையோடு போய்ப் பட்டறை விளக்கைப் போட்டேன்.
பனிக்காலம், மின்விசிறி ஓடவில்லை.
மூச்சை மட்டும் நிறுத்த வேண்டியிருந்தது,
அதுதான் நிற்கவில்லை.

மூன்று நெல். முக்கால் குன்றிமணி.

உள்ளே சின்னவள் தட்டை நீட்டி
இன்னொரு துண்டு கேட்பது காதில் விழுகிறது.
பதினெட்டேகால் இன்னும் எங்கேயோ இருக்கிறது.
அந்தச் சட்டியில்,
பொன்னுரங்கன் வீட்டுக் குழம்பில்,
ஓடைக்கரையில் வீசிய குடலில்,
அதை இழுத்துப்போன நரியில்.
"போதும், எழுந்திரு" என்று கத்தினேன்.
அவள் அழுதாள். ரேணுகா என்னை முறைத்தாள்.
சேதாரக் கணக்கை எந்த வாயால் சொல்வது.

தீப்பெட்டி மேல் பென்சிலால் எழுதினேன்:
போனது 50. வந்தது 31¾.
அடுத்த தடவை உடையாத கனத்தில் போடவும்.
தோள் வலித்தால் வலிக்கட்டும்.