மேற்குச் சுவர்

பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில்
நாலு பேர் ஒரு கடற்கோட்டை கட்டினார்கள்
ப்ர்னோ நகரத்தில்,
கடலே இல்லாத ஒரு நாட்டில்.
கீழே பல்லைக் குடையும் சத்தம் ஓயும்வரை
மேலே அலைச்சத்தம் பதிவு செய்ய முடியாது.

காசு ஊரார் காசு.
மொய் என்றுதான் நான் சொல்வேன் அதை:
பேர் எழுதி, தொகை எழுதி,
பந்தி எப்போது என்று கேட்காமல்
ஆறாயிரத்து நூற்றுப் பதினெட்டுப் பேர் வைத்தது.
பதில் மரியாதையாக
விளையாட்டுக்குள், கோட்டையின் மேற்குச் சுவரில்
ஆளுக்கொரு கல்.
வெந்துலாதான் எல்லாப் பேரையும் தட்டச்சு செய்தாள்
தலையில் வட்டம் வைத்த எழுத்துகள்,
காலில் கொக்கி மாட்டிய எழுத்துகள்.
ஒருவர் தன் பூனையின் பேரைக் கொடுத்திருந்தார்,
அதற்கும் ஒரு கல்.

நான்காவது வருடம் பிப்ரவரியில்
சம்பளம் இரண்டு தவணையாக வந்தது.
மதியத்துக்கு மேல்தான் ஹீட்டர்.
ஒருநாள் ரதீம்
இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றான்.
ஒரு கடை. அந்த ஒரே கடை.
ஓராண்டுக்கு வேறெங்கும் விற்கக் கூடாது.
தாளில் எத்தனை சைபர் என்று
போஹுமில் விரல் வைத்து எண்ணினான்.
யாரும் கைதட்டவில்லை.
வெந்துலா வாடகையை நினைத்தாள்,
நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்,
வெட்கப்பட்டுக்கொண்டே
ரதீம் வாங்கி வந்த கேக்கில் இரண்டு துண்டு தின்றாள்.

அறிவிப்பு போனது அன்றிரவே.
மொய் வைத்தவர்களுக்கு
மண்டபம் மாறிய தகவல்.
புது மண்டபத்து வாசலில்
முன்பின் தெரியாத ஒருவன்
பேர் கேட்கிறான், பிறந்த தேதி கேட்கிறான்,
யாரோடு வந்தாய் என்றும் கேட்கிறான்.

விடிவதற்குள் நாலாயிரம் கடிதம்.
துரோகி என்று செக்கில், போலிஷில், போர்ச்சுகீசில்.
ஒரே வசவை இருநூறு முறை
ஒட்டி ஒட்டி அனுப்பியிருந்தான் ஒருவன்.
நீ எந்தத் தெரு என்று கேட்டிருந்தான் இன்னொருவன்.
உங்கள் வருத்தம் புரிகிறது, பணம் திருப்பித் தரப்படும்,
உங்கள் வருத்தம் புரிகிறது, பணம்
என்று எழுதி எழுதி
மூன்றாம் நாள் அந்த வாக்கியம்
வாயில் மரத்துப்போன ஈறுபோல் ஆனது அவளுக்கு.

பிறகு ஓஸ்முண்டின் கடிதம்.
ஹாமர்ஃபெஸ்டில் படகு எஞ்சின் மெக்கானிக்.
திட்டவில்லை.
‘என் கணினி லினக்ஸ். அந்தக் கடை இதில் திறக்காது.
திறக்கும் என்று அன்று நீங்கள் எழுதியதை
அச்செடுத்து வைத்திருக்கிறேன்.
காசு வேண்டாம். டீசல் போல அது எரிந்திருக்கும், தெரியும்.
என் கல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.’

பேரை அழித்துவிடலாம், கல் இருக்கட்டும்
என்றான் போஹுமில்.
அவர் கல் என்றுதான் எழுதியிருக்கிறார்
என்றாள் வெந்துலா.

எடுத்தார்கள்.
ஐந்தாவது வரிசையில், பூனைக்கு இடப்பக்கம்
உள்ளங்கை அகலத்தில் ஓர் ஓட்டை.
குனிந்து பார்த்தால்
அப்பால் கடல் இல்லை.
மேற்கே யாரும் பார்க்கப்போவதில்லை என்று
அந்தப் பக்கம் வரையாமலே விட்டிருந்தார்கள்.
நிறம் கொடுக்காத சாம்பல்,
அதற்குள்ளிருந்து அலைச்சத்தம் மட்டும்.

விளையாட்டு வெளிவந்தது, நன்றாகவே விற்றது.
வாடகை பாக்கி தீர்ந்தது, அதையும் சொல்லவேண்டும்.
வாளும் கேடயமுமாய் ஓடி வந்தவர்கள்
அந்த ஓட்டையருகே நின்று மண்டியிட்டார்கள்.
பிழை எண் நானூற்றுப் பன்னிரண்டு: சுவரில் கல் இல்லை,
உடனே அடைக்கவும், என்று குறித்தான் ரதீம்.
வெந்துலா அதன் கீழே எழுதினாள்:
பிழை அல்ல.
ரதீம் ஒருவாரம் பேசவில்லை. அடைக்கவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை,
கீழே மருத்துவமனை பூட்டியிருந்தபோது,
போஹுமில் காலி பீர் பாட்டிலின் வாயில்
உதட்டை வைத்து ஊதி ஊதி
அந்த ஓட்டைக்கென்று ஒரு காற்றைப் பதிவு செய்தான்.
அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்,
மூச்சை அடக்கி.