திருவுளச்சீட்டு

வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றது
பிராம்டன் மருத்துவமனைக் கடிதம்.
நிரந்தர வேலை. பகல் நேரம் மட்டும்.
பதினைந்து நிமிடத்தில் தமிழ் ஆராதனை,
முருங்கைக்காய் விற்கும் கடை,
நாத்தனார் வீடு.
இங்கே தண்டர் பேயில்
விடியுமுன் ஐந்தரைக்கு
டயாலிசிஸ் இயந்திரங்களுக்கு உப்புநீர் ஏற்றுகிறேன்.

நாத்தனார் ஜெபக்குறிப்பில் எழுதிக்கொண்டாள்.
மறுநாளே சொப்பனம் கண்டாள்.
நான் சிவப்புக் கோட்டோடு ரயிலில் இருந்தேனாம்.
"ரயில் எந்தப் பக்கம் போச்சு?"
அதைப் பார்க்கவில்லையாம்.

சமாதானம் எந்தப் பக்கமோ
சித்தம் அந்தப் பக்கம் என்றார் போதகர்.
எனக்குச் சமாதானம்
வண்டி முதல் முறையிலேயே கிளம்பினால் வருகிறது.
ரசம் சரியாக அமைந்தால் வருகிறது.
அதை நம்பி வீடு மாற முடியுமா?

கண்ணை மூடி வேதத்தைத் திறந்தேன்.
விரல் விழுந்த இடத்தில்
சிறையிருப்பிலிருந்து ஊர் திரும்பியவர்களின் தலைக்கணக்கு.
இன்னார் புத்திரர் இத்தனை பேர்,
கழுதைகள் இத்தனை.
நின்றுகொண்டே பக்கம் முழுக்க வாசித்தேன்.
நடந்துபோன அத்தனை பேரில்
ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை.

பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்,
பயந்துபோன ஒருவன் களத்தில் ஆட்டுத்தோல் விரித்தானே,
அதேபோல் என் கம்பளிக் கையுறையை
பின்வாசல் கைப்பிடிக் கட்டையில் வைத்தேன்.
கையுறை மட்டும் நனைந்திருந்தால் போவது.
ஜனவரிக் கடைசி.
காலையில் கையுறை, கட்டை, படி, குப்பைத்தொட்டி,
பக்கத்து வீட்டு வேன்,
எல்லாமே வெள்ளை.
கர்த்தர் எதையும் விட்டுவைக்கவில்லை.

மிஞ்சியது சீட்டு.
ஊரில் தேர்தல் ஓட்டு சமமாக வந்தால்கூட
அதற்குத் திருவுளச்சீட்டு என்றுதான் பெயர்.
பெயரிலேயே அவர் உள்ளம் இருக்கிறதே
என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

புதன் இரவு ஞானசிங்கை எழுதச் சொன்னேன்.
தானியக் கிடங்கில் இரண்டு ஷிப்ட் முடித்து வந்தவன்
மின்கட்டணக் கவரைக் கிழித்து எழுதி
மடித்துத் தன் குல்லாவில் போட்டான்.
"உனக்கு எதுன்னாலும் எனக்குச் சரி."
பதினோரு வருடமாக
எல்லாவற்றுக்கும் அவன் பதில் இதுதான்.
ஜெபித்தேன். எடுத்தேன்.
'இரு.'
ஸ்தோத்திரம் என்றேன்,
அழுகை எதற்கு வந்ததென்று தெரியாமல்.

நாலரைக்கு எழுந்து குல்லாவை உதறினால்
மற்ற சீட்டு தரையில்.
'இரு.'

விளக்கைப் போட்டேன்.
"ஆண்டவர்கிட்டயே விளையாடுவியா?"
ஜெபக்கூட்டத்தில் எத்தனை கேட்டும்
ஒரு வரி வாய்விட்டு ஜெபிக்காத மனுஷன்
போர்வைக்குள்ளிருந்து சொன்னான்:
"ராத்திரி ஏரி உறையும்போது ஒரு சத்தம் வரும்.
கிடங்கு மேல நின்னா கேக்கும்.
அப்போதான் எனக்கு ஜெபம் வருது.
வேற எங்கயும் வரல."

மூன்று வாரம்
பரலோகத்தின் கதவைத் தட்டியிருக்கிறேன்.
கட்டிலின் அந்தப் பக்கத்தைத் தட்டவில்லை.

இதையும் ஓர் அடையாளம் என்று சொல்லமாட்டேன்.
அவன் செய்தது திருட்டுத்தனம்.
அதற்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.
கடிதத்துக்கு நாளை வரை நேரம்.
இன்று இரவு அவனோடு ஏறிப்போய்
அந்தச் சத்தத்தைக் கேட்பேன்.
எனக்கு அது வெறும் பனிக்கட்டி முறிகிற சத்தமாகவே இருக்கலாம்.
பிறகு உட்கார்ந்து பேசுவோம்,
அவனும் முழு வாக்கியங்களில்.
பதிலை நான் என் கையால் எழுதுவேன்.
தவறாக எழுதினாலும்
அவர் நம்மைக் கைவிட்டுப்போகிற அளவு
சின்னவர் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.
நினைக்கிறேன், அவ்வளவுதான்.

கைப்பிடிக் கட்டையிலேயே விறைத்துக் கிடந்த கையுறையை
உள்ளே எடுத்து ஹீட்டர் மேல் வைத்தேன்.
காபி குடித்து முடிப்பதற்குள்
வடிந்தது ஒரு மூடித் தண்ணீர்.
அதை மணிபிளான்டுக்கு ஊற்றிவிட்டு
வண்டிக் கண்ணாடியைச் சுரண்டப் போனேன்.